பதின்மூன்று பேரில் தொடங்கிய அணி: அமெரிக்க காங்கிரஸின் ‘பிளாக் காக்கஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் ‘காங்கிரஷனல் பிளாக் காக்கஸ்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். கட்சியா, சங்கமா, சாதி அமைப்பு மாதிரி ஏதாவதா என்று பலருக்கும் சந்தேகம். நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், படிக்கும்போது எனக்கே எழுந்த சில கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

முதலில், இது ஒரு கட்சியா?

இல்லை. அமெரிக்காவில் ‘காங்கிரஸ்’ என்றால் நாடாளுமன்றம். 435 பேர் வாக்களிக்கும் பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்தது அது. பிரதிநிதிகள் சபையின் கறுப்பின உறுப்பினர்கள் 1971-ல் அமைத்துக்கொண்டு, பின்னாளில் செனட்டர்களும் சேர்ந்த அணிதான் இந்தக் காக்கஸ். கிட்டத்தட்ட எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான். ஆனாலும் இது அந்தக் கட்சியின் கிளை இல்லை. சொல்லப்போனால், சொந்தக் கட்சித் தலைமையிடம் பேரம் பேசுவதற்குத்தான் அணி அதிகம் பயன்பட்டிருக்கிறது.

கட்சிக்குள் இருந்துகொண்டே தனி அணியா? கொறடா சும்மா விடுவாரா?

அங்கேயும் கொறடா உண்டு. ஆனால் அவர் சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவி பறிபோகாது. இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று அமெரிக்காவில் கிடையாது. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒவ்வொரு ஓட்டையும் தலைமை கேட்டு வாங்க வேண்டும். 20 பேர் ஒன்றாக நின்று “எங்கள் ஓட்டு வேண்டுமா, இதைச் சேருங்கள்” என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இது புரிந்துவிட்டால் காக்கஸின் பாதிக் கதை புரிந்துவிடும்.

1971-க்கு முன்பு கறுப்பினத்தவர் காங்கிரஸில் இருந்ததே இல்லையா?

இருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த கையோடு, 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் செனட்டுக்கும், தென் கரோலைனாவிலிருந்து ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்கும் போனார்கள். ரெய்னி அடிமையாகப் பிறந்தவர். 1901 வரை மொத்தம் 22 பேர் போனார்கள்.

பிறகு கதவு மூடியது. தென் மாநிலங்கள் வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, அதற்கும் மசியாதவர்களுக்கு அடிதடி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தன. கடைசியாக மிஞ்சியவர் வட கரோலைனாவின் ஜார்ஜ் ஹென்றி ஒயிட். 1901 ஜனவரி 29 அன்று அவர் சபையில் விடைபெற்றுப் பேசினார். இது நீக்ரோக்கள் காங்கிரஸுக்குச் சொல்லும் தற்காலிக விடைதான், ஃபீனிக்ஸ் பறவைபோல ஒருநாள் எழுந்து மீண்டும் வருவோம் என்பது அந்த உரையின் சாரம். அடுத்த கறுப்பின உறுப்பினர் வர 28 ஆண்டுகள் ஆயின. அவர் சிகாகோவின் ஆஸ்கர் டி பிரீஸ்ட். ஒயிட்டின் மாநிலத்திலிருந்து ஒருவர் வர 1992 ஆகிவிட்டது. அந்த மாநிலத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

டி பிரீஸ்ட் தனி ஆள். 1934-ல் அவருடைய செயலாளர் சபையின் உணவகத்துக்குச் சாப்பிடப் போனபோது, கறுப்பினத்தவருக்கு இங்கே சாப்பாடு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் இயற்றும் கட்டடத்துக்குள்ளேயே அந்த நிலை. டி பிரீஸ்ட் போராடினார், விசாரணைக் குழுவும் போட்டார்கள். கட்சிவாரியாகப் பிரிந்த அந்தக் குழு உணவகத்தின் பக்கம் சாய்ந்தது. ஒற்றை ஓட்டை வைத்துக்கொண்டு அவரால் வேறென்ன செய்ய முடியும்?

பிறகு 1971-ல் என்ன மாறியது?

எண்ணிக்கை. 1965-ன் வாக்குரிமைச் சட்டமும், தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்ற நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்து, நகர்ப்புறக் கறுப்பின மக்களின் ஓட்டுக்கு மதிப்பைக் கொடுத்தன. 1969-ல் சபையில் ஒன்பது பேர் ஆனார்கள். டெட்ராய்ட்டின் சார்லஸ் டிக்ஸ் அவர்களைக் கூட்டி, சும்மா சந்தித்துப் பேசுவதற்கு ஒரு குழு அமைத்தார். இவர் 1955-ல், எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்ற வழக்கின் விசாரணையைப் பார்க்க மிசிசிப்பிக்கே போய் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்.

1971-ல் எண்ணிக்கை 13 ஆனது. அதில் தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராய்க்கு ஓட்டுரிமை இல்லை. ‘காங்கிரஷனல் பிளாக் காக்கஸ்’ என்ற பெயர் நியூயார்க்கின் சார்லஸ் ரேஞ்சல் சொன்னது. நிறுவனர்களில் ஒரே பெண் ஷர்லி சிஷோம். மிசௌரியின் வில்லியம் கிளே ஒரு வாசகத்தைக் கொடுத்தார்: நமக்கு நிரந்தர நண்பர்களும் இல்லை, நிரந்தர எதிரிகளும் இல்லை, நிரந்தர நலன்கள் மட்டுமே உண்டு. நம்மூர் அரசியல்வாதிகள் கூட்டணி மாறும்போது சொல்கிற அதே வசனம்தான். ஆனால் அங்கே அது கட்சி மாறுவதற்காகச் சொன்னதில்லை.

நிக்சனோடு என்ன தகராறு?

அதிபர் நிக்சனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். மாதக்கணக்கில் பதிலே இல்லை. 1971 ஜனவரியில் அவர் ஆண்டு உரையாற்ற வந்தபோது கறுப்பின உறுப்பினர்கள் ஒட்டுமொத்தமாக வரவில்லை. அன்று செனட்டில் இருந்த ஒரே கறுப்பினத்தவரான எட்வர்ட் புரூக் மட்டும் சேரவில்லை. அவர் நிக்சனின் குடியரசுக் கட்சிக்காரர். காலி நாற்காலிகள் செய்தியாயின. மார்ச் 25 அன்று வெள்ளை மாளிகை கதவைத் திறந்தது. அணி 60-க்கும் மேற்பட்ட கோரிக்கைகளைக் கையில் கொடுத்தது.

கிடைத்தது சொற்பம்தான். ஆனால் அதிபரையே சந்திக்க வைத்தார்கள் என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது. நிக்சனின் பதவியையே பறித்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் அவருடைய ‘எதிரிகள் பட்டியல்’ வெளிவந்தபோது சபையில் ஓட்டுரிமை உள்ள 12 கறுப்பின உறுப்பினர்களின் பெயரும் அதில் இருந்தது. பொதுவாக அரசியலில் இதைவிடத் தெளிவான அங்கீகாரம் கிடைப்பதில்லை.

ஒன்றாக இருந்து உருப்படியாக என்ன சாதித்தார்கள்?

முதலில் அவர்கள் கண் வைத்தது கமிட்டிகள்மீது. காங்கிரஸில் மேடைப் பேச்சைவிடக் கமிட்டி இடம்தான் பெரிது. மசோதா பிழைப்பதும் சாவதும் அங்கேதான். 1969-ல் புரூக்ளின் நகரவாசிகளின் பிரதிநிதியான சிஷோமை விவசாயக் கமிட்டியில் போட்டார்கள். அவர் அவையிலேயே எதிர்ப்புத் தெரிவித்து மாற்றிக்கொண்டார். அது தனி ஆள் போட்ட சண்டை. அணி அமைந்தபின் கூட்டாகப் போய்ச் சபாநாயகரின் கதவைத் தட்டினார்கள்.

அப்படிக் கிடைத்த ஓர் இடத்தின் கதை இது. 1973-ல் கலிஃபோர்னியாவின் ரான் டெலம்ஸை ராணுவ விவகாரக் கமிட்டியில் போடச் சொல்லி அணி விடாமல் நின்றது. டெலம்ஸ் வியட்நாம் போர் எதிர்ப்பாளர். கமிட்டித் தலைவர் லூயிசியானாவின் எட்வர்ட் ஹேபர். இந்த ஆளும் வேண்டாம், அதே ஆண்டு வந்த பாட்ரிஷியா ஷ்ரோடர் என்ற பெண் உறுப்பினரும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். மேலிடம் இருவரையும் திணித்துவிட்டது. முதல் நாள் கூட்டத்துக்குப் போனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. பெண்ணும் கறுப்பரும் ஆளுக்குப் பாதி மதிப்புத்தான் என்பது தலைவரின் கணக்காம். இருவரும் அந்த ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக, இடித்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1993-ல், அதே கமிட்டிக்கு டெலம்ஸ் தலைவரானார்.

தென்னாப்பிரிக்கா விஷயத்தில் இவர்கள் பங்கு என்ன?

என் கணக்கில் இதுதான் அணியின் ஆகப்பெரிய வேலை. போலராய்டு நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்கள் சிலர், தங்கள் நிறுவனத்தின் புகைப்படக் கருவிகள் தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாளப் பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பயன்படுவதைக் கண்டுபிடித்துப் போராடினார்கள். அவர்கள் மனு காக்கஸிடம் வந்தது. 1972-ல் டெலம்ஸும் அணியின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் கான்யர்ஸும் நிறவெறி அரசுக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விடாமல் மசோதா போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1984 நவம்பரில் ஃபான்ட்ராய், நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் ராண்டல் ராபின்சன், சிவில் உரிமை ஆணைய உறுப்பினர் மேரி ஃபிரான்சஸ் பெர்ரி ஆகியோர் வாஷிங்டனில் இருந்த தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் போய், வெளியேற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கைது. மறுநாளிலிருந்து அங்கே கைதாவதற்கு வரிசை கட்டினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள், பாதிரிமார்கள், மாணவர்கள் என்று மாதக்கணக்கில் தொடர்ந்தது.

1986 ஜூனில் ஒரு வேடிக்கை. டெலம்ஸின் கடுமையான தடை மசோதா ஓட்டுக்கு வந்தபோது எதிர்த்தரப்பு எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பைக் கோரவில்லை. இவ்வளவு கடுமையான மசோதா எப்படியும் செனட்டில் செத்துவிடும் என்று கணக்குப் போட்டுக் குரல் வாக்கில் விட்டுவிட்டார்கள். மசோதா நிறைவேறிவிட்டது! செனட் அதை நீர்த்துப்போகச் செய்து வேறொன்றை அனுப்பியது. புதிய முதலீட்டுக்குத் தடை, நிலக்கரி, யுரேனியம், எஃகு இறக்குமதிக்குத் தடை, நேரடி விமானங்களுக்குத் தடை ஆகியவை அதில் இருந்தன. முழுசாகக் கிடைக்காவிட்டால் வேண்டாம் என்று அணி முரண்டுபிடிக்கவில்லை. அதிபர் ரேகன் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபை 313–83 என்றும், செனட் 78–21 என்றும் அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டன. முதல் தீர்மானத்திலிருந்து 14 ஆண்டு.

மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறையும் இவர்கள் கொண்டுவந்ததுதானா?

ஆம், அதிலும் இதே பிடிவாதம்தான். கிங் கொல்லப்பட்ட நான்காம் நாள், 1968 ஏப்ரல் 8 அன்று, கான்யர்ஸ் மசோதாவைத் தாக்கல் செய்தார். ஒவ்வொரு காங்கிரஸிலும் திரும்பத் தாக்கல். 1979-ல் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்குச் சில ஓட்டுகள் குறைந்து தோற்றது. 1983-ல் இண்டியானாவின் கேட்டி ஹால், விடுமுறையை ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கள்கிழமைக்கு மாற்றிப் புதிதாக எழுதினார். கூடுதல் விடுமுறைக்கு ஆகும் செலவைப் பற்றிய முணுமுணுப்பு அதில் கொஞ்சம் அடங்கியது. சபையில் 338–90 என்று நிறைவேறியது. பதினைந்து ஆண்டு.

சறுக்கிய இடங்களும் உண்டா?

உண்டு, மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1986-ன் போதைப்பொருள் சட்டம் புகைக்கும் வகையான கிராக் கோகெய்ன் 5 கிராமை விற்க வைத்திருந்தவருக்கும் தூள் கோகெய்ன் 500 கிராமை விற்க வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையாக ஐந்து ஆண்டைக் கட்டாயமாக்கியது. கிராக் ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் புழங்கியது. அங்கே தெருவில் நடந்த கொலைகளைப் பார்த்துப் பதறிய தொகுதி மக்கள் ஏதாவது செய்யச் சொன்னார்கள். ரேஞ்சல் உட்பட அணியின் பலர் அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். சிறைகள் கறுப்பின இளைஞர்களால் நிரம்பின. 100-க்கு 1 என்ற அந்த விகிதத்தை 18-க்கு 1 என்று குறைக்கவே 2010 ஆனது.

1994-ல் கிளிண்டனின் குற்றத் தடுப்புச் சட்டத்திலும் அணி இரண்டுபட்டது. மரண தண்டனையில் இனப் பாகுபாடு இருப்பதைப் புள்ளிவிவரம் காட்டி நிரூபிக்க அனுமதிக்கும் பிரிவைக் கேட்டார்கள். அது கழற்றப்பட்டது. அப்படியும் கடைசியில் பலர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். சொந்தக் கட்சியின் அதிபர் பதவியில் இருக்கும்போது பேரம் பேசுவது, எதிர்க்கட்சி அதிபரிடம் மோதுவதைவிடக் கடினம் என்பது அன்று தெரிந்தது.

2001-ல் அல் கோரோடு நடந்த வாக்குவாதம் என்ன?

2000-ம் ஆண்டு அதிபர் தேர்தல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் புஷ்ஷுக்குச் சாதகமாக முடிந்தது தெரியும். 2001 ஜனவரி 6 அன்று இரு அவைகளும் கூடி முடிவை எண்ணும்போது, கறுப்பின வாக்காளர்கள் பலரின் ஓட்டு எண்ணப்படவில்லை என்று அணியினர் ஒவ்வொருவராக எழுந்து ஆட்சேபித்தார்கள். அன்றைய விதிப்படி ஆட்சேபத்தில் ஒரு செனட்டராவது கையெழுத்திட வேண்டும். அவைக்குத் தலைமை வகித்தவர் துணை அதிபர் அல் கோர். அதாவது, தோற்றுப்போன வேட்பாளரே.

அணியைச் சேர்ந்த கலிஃபோர்னியாவின் மேக்ஸின் வாட்டர்ஸ் எழுந்தார். செனட்டர் கையெழுத்து இல்லாவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை என்றார். “விதிகளுக்குக் கவலை இருக்கிறது” என்றார் கோர். தனக்காகப் பேசியவர்களைத் தானே சுத்தியலைத் தட்டி உட்கார வைத்தார். கடைசியில் அணியினர் அவையைவிட்டு வெளியேறினார்கள். அன்று செனட்டில் இருந்த நூறு பேரில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளையர் சேரலாமா? குடியரசுக் கட்சியின் கறுப்பினத்தவர்?

வெள்ளையர் சேர்வதில்லை. எழுதப்பட்ட விதியைவிட வழக்கம்தான் இங்கே வலுவானது. கலிஃபோர்னியாவின் பீட் ஸ்டார்க் 1975-ல் கேட்டுப் பார்த்தார், இல்லை என்றார்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையான மெம்பிஸ் தொகுதியில் ஜெயித்த ஸ்டீவ் கோஹன் 2007-ல் சேர விரும்பினார். அவருக்கும் கதவு திறக்கவில்லை.

குடியரசுக் கட்சியினர் சேர்ந்ததுண்டு. 1990-களில் கேரி ஃபிராங்ஸ் இருந்தார், ஆனால் வியூகம் பேசும் நேரத்தில் அவரை வெளியே இருக்கச் சொன்னதால் மனக்கசப்பு. ஆலன் வெஸ்ட், மியா லவ் பின்னால் சேர்ந்தார்கள். ஜே.சி. வாட்ஸும் டிம் ஸ்காட்டும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 2021-ல் பைரன் டொனால்ட்ஸ் கேட்டும் சேர்க்கப்படவில்லை. ‘நிரந்தர நண்பர்கள் இல்லை’ என்ற வாசகத்தோடு இது அவ்வளவாக ஒட்டவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கெல்லாம் பணம்?

முன்பு உறுப்பினர்கள் தங்கள் அலுவலகப் படியிலிருந்து பங்கு போட்டு, காங்கிரஸ் கட்டடத்திலேயே தனி அலுவலகமும் ஊழியர்களும் வைத்திருந்தார்கள். 1995-ல் நியூட் கிங்ரிச் சபாநாயகரானதும் இப்படிப்பட்ட 28 அணிகளின் அலுவலகம், ஊழியர், பணம் எல்லாவற்றையும் நிறுத்தினார். இப்போது உறுப்பினர்களின் சொந்த அலுவலகங்கள் வழியாக வேலை நடக்கிறது. 1976-ல் தொடங்கிய அறக்கட்டளை தனி. அது ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டுக்குப் பெருநிறுவனங்கள் நன்கொடை தருகின்றன. அந்த நிறுவனங்களையே கேள்வி கேட்க வேண்டியவர்கள் இவர்கள் என்ற விமர்சனம் பழையது, நியாயமானதும்கூட.

எண்ணிக்கை எப்படிக் கூடியது?

1990 மக்கள்தொகைக் கணக்குக்குப் பின் தொகுதிகளைப் புதிதாக வரைந்தார்கள். வாக்குரிமைச் சட்டத்தின் அழுத்தத்தில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வரும் தொகுதிகள் பல உருவாயின. 26 ஆக இருந்த அணி, 1992 தேர்தலுக்குப் பின் சுமார் 40 ஆனது. ஒயிட் விடைபெற்ற வட கரோலைனாவிலிருந்து ஈவா கிளேட்டனும் மெல் வாட்டும் வந்தார்கள். 91 ஆண்டு இடைவெளி.

வாட்டின் தொகுதி ஒரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பாம்பு மாதிரி 160 மைலுக்கு நீண்டிருந்தது. 1993-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற தீர்ப்பில், இனத்தை மட்டும் வைத்து வரைந்த வினோதத் தொகுதிகளை எதிர்த்து வழக்குப் போடலாம் என்றது. அன்றிலிருந்து வழக்குகள் ஓயவில்லை. 2023-ல் அலபாமா வழக்கில் தீர்ப்பு வாக்குரிமைச் சட்டத்தின் பக்கம் வந்தது, அதன் பலனாக 2024-ல் அங்கே இரண்டாவது கறுப்பின உறுப்பினர் கிடைத்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே தொகுதியில் கறுப்பின ஓட்டுகளைக் குவித்தால் பக்கத்துத் தொகுதிகள் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகும். 1994-ல் ஜனநாயகக் கட்சி 40 ஆண்டுகளாக வைத்திருந்த சபையை இழந்தது. இது ஒன்றே காரணமில்லை, ஆனால் இதுவும் ஒரு காரணம். பாதி நாற்காலியிலிருந்து தலைவர் நாற்காலிக்கு வந்த டெலம்ஸுக்கு அதில் உட்காரக் கிடைத்தது இரண்டே ஆண்டு.

ஒபாமா காலத்தில் கொண்டாட்டமாக இருந்திருக்குமே?

ஒபாமா செனட்டராக இருந்தபோது அணியின் உறுப்பினர்தான். ஆனாலும் 2008-ல் வேட்பாளர் போட்டியில் அணியில் பலர் முதலில் ஹிலரி கிளிண்டன் பக்கம் நின்றார்கள். 2011-ல் கறுப்பினத்தவரின் வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியபோது, அணித் தலைவர் இமானுவேல் கிளீவர் மனம்விட்டுச் சொன்னார்: வெள்ளை மாளிகையில் இருப்பவர் ஒபாமாவாக இல்லாமலிருந்தால் நாங்கள் அங்கே பேரணி போயிருப்போம். அதே மாதம் அணியின் விருந்தில் ஒபாமா, வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நடைக்கான காலணியை மாட்டுங்கள், புலம்புவதை நிறுத்துங்கள் என்று பேசினார். பலருக்குச் சுருக்கென்றது.

கமலா ஹாரிஸ் இதில் இருந்தாரா?

இருந்தார். 2017 முதல் 2021 வரை செனட்டராக இருந்தபோது உறுப்பினர். அப்பா ஜமைக்கா நாட்டவர், அம்மா சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து போனவர், தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம். ஆசிய அமெரிக்க உறுப்பினர்களின் அணியிலும் அவர் பெயர் இருந்தது. இந்திய வம்சாவளி உறுப்பினர்களைச் சேர்த்து ‘சமோசா காக்கஸ்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவர் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?

பிரிட்டனில் 1987-ல் ஜெயித்த டயான் அபாட், பெர்னி கிராண்ட், பால் போட்டெங், கீத் வாஸ் ஆகியோர் அமெரிக்க மாதிரியைப் பார்த்து ஓர் அணி அமைத்தார்கள். வாஸ் கோவா வம்சாவளி. அங்கே ‘பிளாக்’ என்ற அரசியல் சொல்லுக்குள் அப்போது ஆசியர்களும் அடக்கம். நாலைந்து பேரை வைத்துக்கொண்டு கட்சிக் கட்டுப்பாடு கடுமையான நாடாளுமன்றத்தில் அது நீடிக்கவில்லை. பிரேசிலில் 2023 நவம்பரில் கீழவை, கறுப்பின உறுப்பினர் அணிக்குத் தலைவர்கள் கூட்டத்தில் ஓட்டுரிமையுடன் ஓர் இடத்தை முறைப்படி கொடுத்தது. அமெரிக்க அணிக்கு அப்படி ஓர் அதிகாரபூர்வ இடம் இன்றுவரை இல்லை.

இப்போது நிலைமை என்ன?

2025 ஜனவரியில் கூடிய காங்கிரஸில் அணியின் பலம் 60-ஐத் தாண்டியது. தலைவர் நியூயார்க்கின் இவெட் கிளார்க். வரும் இடம் சிஷோமின் பழைய புரூக்ளின்தான். 2023 முதல் சபையில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான ஹக்கீம் ஜெஃப்ரிஸும் அணியின் உறுப்பினரே, அவரும் புரூக்ளின்காரர். முன்பு 13 பேர் கூட்டாகப் போய்த் தட்டிய தலைமை அறைக்குள் இப்போது அவர்களில் ஒருவரே உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து ஒரு சமரசத்துக்கு ஓட்டுக் கேட்டு ஆள் வந்தால், மறுத்துச் சொல்வது நிக்சனிடம் மறுத்ததைப்போல அவ்வளவு எளிதாக இருக்காது.